காதுகுத்து டிவிடி

என் மச்சான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், சமயநல்லூரில் நெல்லும் மல்லிகையும் போட்டுப் பிழைத்தவர். வரப்பில் நின்று அவர் ஒரு ஆளைக் கூப்பிட்டால் ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும். "இவருக்கு எதுக்குங்க செல்போன்" என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவரும் கடைசிவரை ஒரு பட்டன் போனைத்தான் வைத்திருந்தார். அதிலும் "வாரேன்", "போறேன்" தவிர அதிகம் பேசியதில்லை.

அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. கால் மெல்லத் தேறி, சுவரைப் பிடித்து நடக்கும் அளவுக்கு வந்தது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. எப்படியோ "இல்ல" என்ற ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. பசிக்கிறதா என்று கேட்டால் "இல்ல" என்று சொல்லிக்கொண்டே தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். நான் போனால் முகமெல்லாம் சிரிப்பாக "இல்ல, இல்ல" என்று இடது கையால் என் கையைப் பிடித்துக்கொள்வார். என்னை எப்போதும் "மாப்ள" என்று கூப்பிட்ட மனிதர். அந்தச் சொல்லைத் தேடி வாய் கோணுவது எனக்குத் தெரியும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், பழகிய பாட்டுகளையும் பழகிய குரல்களையும் கேட்கவையுங்கள் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா அதை ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கு அவரு குரல விடப் பழகுன குரல் வேற எது தம்பி? அதக் கேட்டா பேச்சு வந்துரும்ல?"

அப்படியெல்லாம் வராதுக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர் குரல் எங்கே இருக்கிறது? யாருடைய போனிலும் இல்லை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவர்கள் மகளும் தன் போனைத் தலைகீழாகத் தேடிவிட்டு அழுதாள். கடைசியில் அக்கா பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு டிவிடியை எடுத்துக் கொடுத்தாள். அந்த மகளுக்கு அழகர்கோவிலில் மொட்டையடித்துக் காது குத்தியபோது எடுத்தது. டிவிடித் தட்டின் மேல் ஒரு ரோஜாப்பூ வட்டத்துக்குள் அக்கா, மச்சான், பிள்ளை மூன்று பேரும் சிரித்தார்கள். திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கம் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்ததைப் போல இருந்தது.

டிவிடி போடும் பெட்டி அவர்கள் வீட்டில் பழுதாகி எப்போதோ பழைய சாமான்காரனிடம் போய்விட்டது. இப்போது வரும் லேப்டாப்களில் டிவிடி போடும் இடமே கிடையாது. காளவாசலில் நான் குடியிருக்கும் வீட்டு மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில்தான் அது இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் திணறத் தொடங்கியபோது லினக்ஸ் போட்டு உயிர் கொடுத்து வைத்திருந்தேன். முகம் தெரியாத யார் யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவைத்த மென்பொருள். அலுவலகத்தில் நாள் முழுக்கக் கோப்பு பார்த்துவிட்டு வரும் எனக்கு, அதோடு மல்லுக்கட்டுவது ஒரு பொழுதுபோக்கு.

டிவிடியைப் பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்து உள்ளே தள்ளினேன். கர்ர் கர்ர் என்று சுற்றியது. திரையில் ஒரு கோபுரம் வந்தது, அப்படியே நின்றுவிட்டது. சாதாரணமாக ஓட்டிப் பார்க்க முடியாது என்று புரிந்தது. சேதமான தட்டிலிருந்து முடிந்ததை எல்லாம் வழித்தெடுக்கும் ஒரு நிரல் உண்டு. படிக்க முடிந்த இடங்களை முதலில் நகலெடுத்துக்கொண்டு, முடியாத இடங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து முட்டிப் பார்க்கும். அதை ஓடவிட்டேன். அலுவலகத்தில் இருக்கும்போது வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பேன். "அங்கனயேதான் நிக்குது" என்பாள் மனைவி. டிரைவ் சூடாகிவிடக் கூடாதென்று மேசைவிசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்தாள். இப்படிப் பல நாள் ஓடி, பெரும்பகுதி கைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கோப்பைத் திறந்தேன். மச்சான் வந்தார். கறுத்த மீசையும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக, தோப்பில் அண்டாக்களுக்கு நடுவே நின்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஆனால் கேட்டதெல்லாம் சினிமாப் பாட்டு. அடுத்த காட்சிக்கு ஓட்டினேன். அங்கேயும் பாட்டு. அவர் சாமியாடியிடம் பேசுகிறார், பாட்டு. மொட்டைத் தலையோடு அழும் பிள்ளையைத் தூக்கி வைத்துக் கொஞ்சுகிறார், பாட்டு. படம்பிடித்த ஸ்டூடியோக்காரர் இரைச்சலையெல்லாம் எடுத்துவிட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டை ஓட்டிவிட்டிருந்தார். அந்தக் காலத்தில் எல்லா விசேஷ வீடியோவும் அப்படித்தான். பார்த்து மகிழ்ந்திருக்கிறோம்.

பாட்டுக்கு அடியில் குரல் ஏதாவது ஒளிந்திருக்குமோ என்று ஒலியைத் தனியாகப் பிரித்து, பாட்டைக் குறைத்து, ஹெட்போனை அழுத்திப் பிடித்துக் கேட்டேன். ஒன்றுமே இல்லை. எந்த மென்பொருளாக இருந்தாலும், தட்டில் இருப்பதைத்தானே எடுத்துக் கொடுக்க முடியும்?

ஸ்டூடியோ இருந்த இடம் இப்போது மொபைல் கடை. நடத்துபவர் அதே ஆள்தான்.

"எடுத்த கேசட்டு ஏதும் இருக்காண்ணே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எங்கண்ணே? ஒரு விசேஷம் முடிஞ்சா அதுலயே அடுத்த விசேஷத்த எடுத்துருவோம். அம்புட்டு கேசட்டு வாங்கிக் கட்டுப்படியாகுமா?" என்றவர், என் முகத்தைப் பார்த்து, "யாராச்சும் தவறிட்டாங்களா?" என்றார்.

இல்லை என்றேன்.

பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு சமயநல்லூர் போனேன். பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போன எந்த வாக்கியமும் அக்காவின் முன்னால் உதவவில்லை. "படம் வந்துருச்சுக்கா, குரல் இல்ல" என்றேன். அவள் நம்பவில்லை. போடு பாப்போம் என்றாள். மச்சானை நாற்காலியில் உட்காரவைத்து டிவியில் போட்டேன்.

சற்று நேரம் பாட்டோடு பார்த்தோம். பிறகு அக்கா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்திவிட்டாள். திரையில் வாய் அசைந்தது. மச்சான் முன்னால் சாய்ந்தார். திரையில் இருந்தவரின் வாயைப் பார்த்துத் தன் வாயையும் அசைக்க முயன்றார். உதடு கூடவில்லை. எச்சில் வழிந்தது. அக்கா முந்தானையால் துடைத்துவிட்டு, திரையைப் பார்த்து அவர் பேசுவதைத் தானே பேசத் தொடங்கினாள்.

"அண்டாவ மூடுங்கடா, காக்கா வருது... எலே, எல எங்கடா? எம்புட்டு நேரம்டா சனத்த உக்கார வச்சிருப்பீங்க?"

அவள் சொன்னது வாயசைவோடு பொருந்தியதா, எனக்குத் தெரியவில்லை. மச்சான் அவளை ஒருமுறை, திரையை ஒருமுறை பார்த்தார். "இல்ல" என்றார். "வேறயா? என்ன சொன்னீங்க?" என்று அவள் கெஞ்சினாள். "இல்ல, இல்ல" என்றார். தப்பு என்கிறாரா, சரி என்கிறாரா, நிறுத்து என்கிறாரா? எங்கள் இருவருக்கும் புரியவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

காது குத்தும் இடம் வந்தபோது படம் கட்டம் கட்டமாக உடைந்தது. தட்டின் அந்தப் பகுதியைத்தான் நிரலால் படிக்க முடியவில்லை. அன்று தாய்மாமனான நான் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்க, மச்சான் பின்னாலிருந்து என் தோளைத் தொட்டுக் காதருகே ஏதோ சொன்னார். அவர் கையின் கனம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சொன்னது நினைவில்லை. அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பி, "உன்கிட்ட என்னமோ சொன்னாரே, என்ன தம்பி?" என்று கேட்டாள். மச்சானும் என்னைப் பார்த்தார். நான் எவ்வளவோ யோசித்தேன்.

"தெரியலக்கா."

போன வாரம் அக்கா போன் செய்தாள். சாயங்காலமானால் அதைச் சத்தமில்லாமல் போட்டு இருவரும் பார்ப்பதாகச் சொன்னாள். அவர் பேச்சில் மாற்றம் ஒன்றுமில்லையாம். "அந்தக் கட்டம் கட்டமா வர்ற எடத்த மட்டும் சரி பண்ண முடியுமா?" என்று கேட்டாள். முடியாது என்று தெரிந்தும் டிவிடியை மறுபடி துடைத்துப் போட்டேன். வேகத்தைக் குறைத்து, பின்னாலிருந்து முன்னால் படிக்கவைத்தும் பார்த்தேன். அதே இடத்தில் போய் முட்டி நின்றது.

"முடியலக்கா" என்று போன் போட்டுச் சொன்னேன்.

"சரிப்பா, விடு" என்றாள். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.