அக்கா அளக்கச் சொன்ன மருந்து

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரோடு உறவுகளுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் கரண்டி, அக்கா பெயர் பொறித்துக் கொடுக்கலாம் என்றார் சித்தப்பா. "அக்கா பேர்ல கரண்டியா? எந்திரிச்சு வந்து திட்டும் சித்தப்பா," என்றேன். கைக்குழந்தைக்கு வீட்டுக் கரண்டியில் மருந்து அளப்பவர்களோடு பல வருடம் சண்டை போட்டவர் அக்கா. அந்தச் சண்டைக்குக் காரணம் நான்தான். என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாமல் கடைசி வரை மறைத்துவிட்டார். நான் மறைக்கப் போவதில்லை. கோபப்படுவதானால் என்மேல் படுங்கள்.

கீழப்பழுவூர் பக்கத்தில், பிறர் வயலில் கூலிக்குப் போன பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார் அக்கா. அம்மா நடவு முடிந்து வரும் வரை என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே பாடம் படித்தவர். திருச்சியில் மருந்தாளுநர் படிப்பு முடித்தார். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் பெண் அவர்தான். பூலாம்பாடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், மாமாவின் துணையோடு அங்கேயே மெடிக்கல் ஷாப் வைத்தார்.

நான் அரியலூரில் சிமெண்ட் ஆலை வேலையில் இருந்தேன். மகளுக்கு அப்போது எட்டு மாதம். மனைவி தேர்வு எழுதத் திருச்சி போயிருந்த நாளில் குழந்தைக்குக் காய்ச்சல். டாக்டர் முன்பே எழுதிக் கொடுத்து, அக்கா கடையில் வாங்கிய சொட்டு மருந்து வீட்டில் இருந்தது. அதை அளக்கும் சொட்டுக் குழாயைக் காணோம். மூத்த மகன் குடித்த சிரப் பாட்டிலின் மூடி கண்ணில் பட்டது. இரண்டு பாட்டிலிலும் மருந்தின் பெயர் ஒன்று, நிறமும் ஒன்று. என்ன ஆகிவிடப் போகிறது என்று சொட்டு மருந்தை அந்த மூடி நிறைய ஊற்றிக் கொடுத்தேன். மதியம் இன்னொரு மூடி. படித்தவன் என்று பெயர் வேறு!

காய்ச்சல் விடவில்லை என்று அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ரெண்டு மூடி குடுத்துட்டேன்க்கா."

"மூடியா? எந்த மூடிடா?"

சொன்னேன். "புள்ளையத் தூக்கு. பாட்டிலையும் எடுத்துக்க. ஆஸ்பத்திரிக்கு ஓடு. நான் வரேன்."

சொட்டு மருந்து, சிறு பிள்ளைக்குக் கொஞ்சமாகக் கொடுத்தாலே போதும் என்று கெட்டியாகச் செய்யப்படுவது. சிரப் அளவுக்கு அதை ஊற்றினால் பல மடங்கு ஏறி, ஈரலையே கெடுத்துவிடும். இது எனக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. பெரம்பலூரில் பஸ் மாறி வந்து சேர்ந்த அக்கா, இரண்டு நாளும் பிள்ளையின் கட்டிலை விட்டு நகரவில்லை. ஈரலுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது நான் அழுதேன். அக்கா அழவில்லை. "நீ அளந்தது தப்பு. அளந்து காட்டாம நான் குடுத்தது அதவிடத் தப்பு. இனி ஒருத்தரையும் அப்படி அனுப்ப மாட்டேன்," என்றார்.

அப்படித்தான் செய்தார். கைக்குழந்தைக்கு மருந்து வாங்குபவர், அக்கா முன்னால் தண்ணீரைச் சொட்டுக் குழாயில் சரியான கோடு வரை உறிஞ்சிக் காட்ட வேண்டும். காட்டினால்தான் பாட்டில் கைக்கு வரும். "மருந்து வாங்க வந்தா பரீட்சை வைக்கிறீங்களே!" என்று பலர் முறைத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். மாமாவே சலித்துக்கொண்டார். அக்கா அசையவில்லை. அண்ணன் பிள்ளையின் சீட்டைக் காட்டித் தம்பி பிள்ளைக்கு மருந்து கேட்டாலும் கிடைக்காது. "ரெண்டு புள்ளையும் ஒரே எடையாங்க?" என்பார்.

சின்ன வெங்காயம் அறுவடைக்குப் போகும் பெண் ஒருவர், "குடிச்சா தூங்குமே, அந்தச் சளி மருந்து குடுங்கக்கா" என்று கேட்டார். பிள்ளைக்குச் சளியே இல்லை. தூங்கினால்தான் அவர் வேலை செய்ய முடியும். அக்கா மருந்தும் தரவில்லை, திட்டவுமில்லை. எங்கள் அம்மா பட்ட பாடு அவருக்குத் தெரியும். கடையை மாமாவிடம் விட்டுவிட்டு நேரே அந்த வெங்காயக் காட்டுக்குப் போனார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நிறுத்தி, அவருக்கும் முழுக் கூலி தரச் சொல்லிக் காட்டுக்காரரிடம் வாதாடினார். மூன்று நாள் நடையாக நடந்து சம்மதிக்கவைத்தார்.

சிறுநீரக நோய் வந்து டயாலிசிஸ் செய்துகொண்ட காலத்திலும், முடிந்த நாளெல்லாம் கடையில் உட்கார்ந்தார். குழந்தை மருந்துச் சீட்டு வந்தால் மட்டும், "இங்க குடு, நான் பாக்குறேன்," என்பார்.

அவரை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்ட மாமாவுக்கும், டாக்டர்களுக்கும், நர்சுகளுக்கும், அக்கா படுத்திருந்த நாட்களில் கடையைப் பார்த்துக்கொண்ட எதிர்க் கடைக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் மகளிடம் கொடுத்தேன். பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்கும் இப்போதுதான் தெரியும். கடைசி வரி வரை படித்தாள். நான் தலை நிமிரவில்லை.

"எனக்குக் காய்ச்சல்னா அத்தை போன் பண்ணி, 'உங்கப்பன அளந்து குடுக்கச் சொல்லு'ன்னுதான் சொல்லும். அம்மா பக்கத்துலயே இருந்தாலும் உன்னத்தான் கேக்கும். இதுக்குத்தானாப்பா?"

இத்தனை வருடம் எனக்கு உறைக்கவே இல்லை.

"இருக்கும்மா," என்றேன். "இத மலர்ல போடட்டுமா?"

"போடுப்பா. அத்தை உன்ன நம்புச்சுன்னும் சேத்துப் போடு."