ஹியூமிக்கும் வெள்ளகோவில் முருங்கையும்

கறுப்புத் தண்ணீரைக் கேனில் அடைத்து, அதன் குணம் கறுப்பில் இல்லை என்று விளக்கிக்கொண்டே விற்பதுதான் ஹியூமிக் அமில வியாபாரம். பையைத் தூக்கிக்கொண்டு தோட்டந்தோட்டமாக அலையும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததில்லை.

எங்கள் பீளமேட்டு முதலாளி ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். வெள்ளகோவில் உரக்கடைக்காரர், அந்த ஊர் விவசாயி சின்னச்சாமியண்ணனின் முருங்கைத் தோட்டத்தில் பலன் தெரிந்தால்தான் சரக்கு எடுப்பாராம். முதலாளி சொன்னார்: "ஆர்டரோட வாங்க. இல்லீன்னா அந்த ஊரை மறந்துருங்க. இந்த வேலையையும் சேத்தி."

பந்தி

ஹியூமிக் உரம் அல்ல என்று முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். விற்பனையாளனுக்கு ஆகாத வழக்கம்தான். வேதியியல் படித்தவனுக்கு வேறு வழியில்லை. "இது சாப்பாடு இல்லீங்கண்ணா, பரிமாறுகிற ஆள். மண்ணில் இருக்கும் சத்தைப் பிடித்து வைத்து வேருக்குக் கொடுக்கும்" என்றேன்.

சின்னச்சாமியண்ணன் தன் செம்மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "பந்தியில சோறே இல்லாம பரிமாற ஆளு மட்டும் வந்து என்னங்க தம்பி பண்றது?"

ஆசிட்

பெயரைக் கேட்டதும் அவர் மனைவி சரசக்கா கேனை வீட்டுக்குள் விடவில்லை. பழுப்பு நிலக்கரியைக் காரத்தில் கரைத்து எடுப்பது, கேனில் இருப்பது அமிலமல்ல, அதன் பொட்டாசியம் உப்பு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் விரலை முக்கிக் காட்டினேன்.

"வெரலு வேகலீங்க, ஒத்துக்கறேன். அந்தக் கையோட ஊட்டுச் செவுத்தத் தொட்டுப்போடாதீங்க, இப்பத்தான் பெயின்ட் அடிச்சோம்!"

மோர்

முருங்கை பூ எடுக்கும் சமயம் அண்ணனிடமிருந்து போன் வந்தது: சொட்டுநீர்க் குழாயெல்லாம் அடைத்துக்கொண்டதாம். ஓடினேன். பூ உதிராமல் இருக்க இந்தப் பக்கத்தில் தேமோர் தெளிப்பார்கள். தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்க வைத்தது. அண்ணன் தெளிக்கச் சோம்பல்பட்டு அதையும் வடிகட்டி, சொட்டுநீரில் விட ஹியூமிக் கலந்து வைத்திருந்த தொட்டியிலேயே ஊற்றிவிட்டார். காரத்தில் கரைந்து கிடப்பது புளிப்பைக் கண்டால் திரியும். தொட்டி முழுக்கக் கறுப்புத் திப்பி.

ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்திக்கொண்டே அமிலம், காரம், வீழ்படிவு பற்றி ஒரு பாடமே நடத்தினேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டார்.

"வெளங்குச்சுங்க தம்பி. மோர் ஒத்துக்காத ஒடம்பு. எங்க மாப்பிள்ளையும் அப்படித்தானுங்க."

கடைசி வரிசை

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே என்று கடைசி வரிசைக்கு மட்டும் ஹியூமிக் விடாமல் வைத்திருந்தேன். காய் பிடித்ததும் பலன் பார்க்க உரக்கடைக்காரர் வந்தார், அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் வந்தார்கள். ஹியூமிக் குடித்த மரங்கள் நன்றாகத்தான் இருந்தன. கடைசி வரிசையோ கரும்பச்சையாக, காய் தாங்காமல் வளைந்து நின்றது.

அண்ணன் பக்கம் திரும்பினேன். "அண்ணா, இதுக்கு என்ன செஞ்சீங்க?"

"மத்ததெல்லாம் குடிக்குதுங்க, இது மட்டும் பாத்துட்டு நிக்குது. மனசு கேக்கலைங்க தம்பி. பட்டிக்காரரக் கூப்பிட்டு அந்த வரிசையில ஆட்டுப்பட்டி போட்டுப்போட்டேன்."

இரவெல்லாம் ஆடுகளை அடைத்து வைத்த மண்ணில் புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்தால் வேறென்ன ஆகும்? புழுக்கை மட்கினால் அதிலும் ஹியூமிக் அமிலம் உண்டு, ஆகவே இது ஹியூமிக்குக்கு எதிரான சாட்சி அல்ல, இரண்டையும் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது என்று நான் சொன்னது முழு உண்மை. கூட்டம் மரியாதையாகத் தலையாட்டியது. உரக்கடைக்காரர் வண்டியைக் கிளப்பினார். மற்றவர்களில் ஒருவர் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏனுங்க, அந்தப் பட்டிக்காரர் போன் நெம்பர் உங்ககிட்ட இருக்குங்களா?"

வெள்ளகோவிலில் நான் பாடுபட்டு உண்டாக்கிய கிராக்கி முழுவதும் ஆடுகளுக்குப் போய்விட, முதலாளி மனமிரங்கி, கடைசி வாய்ப்பாக என்னைத் தொண்டாமுத்தூருக்கு மாற்றியிருக்கிறார். அங்கே தோட்டத்துக்குள் யானை வருமாம், சாணத்தின் அளவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.