செங்கல் முட்டுக் கொடுத்த பெஞ்சு

மொட்டைத் தலையில் பூசிய சந்தனமும் வார்டு ஸ்பிரிட்டும் கலந்த வாசனை... திருப்பதியில் கேஷுவால்டி டியூட்டி பார்த்தவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும்.

நேற்று நம் காலேஜ் குரூப்பில் அந்நாளில் என்னோடு டியூட்டி பார்த்த பிரசாத் அமெரிக்காவிலிருந்து பேசிப் போட்ட வீடியோவைப் பார்த்ததும் அந்த வாசனை திரும்ப வந்தது. கஷ்டமான வேலையில் ஒருமுறை இறுகிய மனசு கடைசிவரை அப்படியே நிற்குமாம். உதாரணத்துக்கு என் பெயர். நீங்கள் எல்லோரும் கைதட்டியிருந்தீர்கள்.

கொஞ்சம் கேளுங்கள்.

மலையில் முடி கொடுத்துவிட்டு இறங்கும் வழியில் அடிபட்டவர்களை எங்களிடம்தான் தூக்கிவருவார்கள். பாதிப்பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். டாக்டர்களில் தமிழ் வீட்டுப் பிள்ளை நான் ஒருவன்தான், நகரி பக்கம். அதனால் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யார் வைத்தியம் பார்த்திருந்தாலும், ஆள் இறந்துவிட்டால் சொந்தக்காரர்களிடம் போய்ச் சொல்வது என் வேலை.

"ஒரேய் அரவம், உங்காளுங்கடா... நீயே போய் சொல்லு," என்று பிரசாத் என்னைத் தள்ளிவிடுவான். தமிழர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் திரும்பி வரும்வரை அவன் கேஸ் ஷீட்டிலிருந்து தலையைத் தூக்க மாட்டான்.

வராண்டாவில் ஒரு மர பெஞ்சு. ஒரு கால் உடைந்து செங்கல் முட்டுக் கொடுத்திருக்கும். முதல்முறை நின்றபடியே சொன்னேன். கேட்டவர் அப்படியே சரிந்துவிட்டார். அதற்குப் பிறகு யாராக இருந்தாலும் உட்காரவைத்து, பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நானும் உட்கார்ந்துதான் சொல்வேன்.

ஒரு மத்தியானம் அரக்கோணத்து அம்மா ஒருவர். மொட்டைத் தலை, சந்தனம்கூடக் காயவில்லை.

"சாமி, அவரு கண்ணத் தொறந்தாரா? இன்னா பண்ணிக்கினு கீறாரு?"

"ஒக்காரும்மா... அவரு பூட்டாரும்மா."

என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு முகத்தை நிமிர்த்திப் பார்த்து, "நீ ஏதாச்சும் துன்னியாப்பா? மூஞ்சி ஒரேயடியா வாடிக்கீதே," என்றார்.

அத்தனை வருஷத்தில் என்னை அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

தொண்ணூறுகளில் நாடு கதவைத் திறந்துவிட்ட காலம் அது. எங்கள் பேட்ச்சில் ஒவ்வொருவராக விமானம் ஏறினார்கள். போனவர்களின் டியூட்டி எல்லாம் என் தலையில். நானும் வெளிநாடு போகும் பரீட்சைக்குப் படித்து, அதை எழுத லீவு கேட்டு எங்கள் சீஃப் முன்னால் நின்றேன்.

"நுவ்வு போயிட்டா, போய்ச் சொல்றதுக்கு யார்யா இருக்காங்க? மத்தவங்க ஒடஞ்சி போய்டுவாங்க. நுவ்வு ராயி!"

தெலுங்கில் நுவ்வு என்றால் நீ, ராயி என்றால் கல். பாராட்டு மாதிரிதான் சொன்னார். கையெழுத்து மட்டும் போடவில்லை. இன்றுவரை நான் அவரை மன்னிக்கவில்லை. பிரசாத்தையும்தான்.

கல்தான் என்று நானும் நம்பினேன். சொல்லிவிட்டு வந்து கேன்டீனில் பூரி தின்ன முடிந்தது. பிறகு எப்போது என்று தெரியவில்லை... பெஞ்சுக்குப் போகும் முன் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு, திரும்பத் திரும்ப முகத்தைக் கழுவ ஆரம்பித்தேன். வெளியே வரும்போது முகம் பழைய மாதிரியே இருக்கும். யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

போன தை மாதம் என் மனைவி சரோஜா இதே திருப்பதியில், புதிதாகக் கட்டிய பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஐசியுவில் இருந்தாள். மகன் கலிபோர்னியாவில். கதவைத் திறந்துகொண்டு ஒரு சின்ன வயசு டாக்டர் வந்தார். என்னை அடையாளம் தெரிந்தது அவருக்கு.

"சார்... மீக்கு நேனு செப்பாலா?"

உங்களுக்கு நான் சொல்லணுமா, என்கிறார். அவ்வளவுதான். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

சொல்லணும் தம்பி. எனக்கும் யாராவது சொல்லணும்.

அன்றைக்கு ஆடுகிற பெஞ்சு ஒன்றுதான். அதில் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு உட்காருவோம். இப்போது ஏசி, வரிசையாக ஸ்டீல் நாற்காலிகள், ஒன்றுகூட ஆடவில்லை. அதில் ஒன்றில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது.

"அவ பூட்டாப்பா," என்றேன், எனக்கு நானே.

வழக்கம்போல, அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.