இரண்டில் எந்தக் கோடு

பிளாஸ்டிக் வார்ப்பதற்கான இரும்பு அச்சு, அதாவது மோல்டு செய்யும் அந்தப் பட்டறையில் அவளுக்கு ஃபைலக்கா என்று பெயர். கட்டிங் மெஷினில் இருந்த அவளுடைய சொந்தத் தம்பி அக்கா என்று கூப்பிடப்போய், அவளைவிட மூத்த முதலாளி உட்பட எல்லோருக்கும் அவள் அக்காவாகிவிட்டாள்.

வாடிக்கையாளர்கள் ஒரு மென்பொருளில் வரைவார்கள். பட்டறைக்குத் தெரிந்தது வேறொன்று. அங்கிருந்து வரும் ஃபைலை உடையாமல் இங்கே கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை.

அந்த முறை வந்தது, நோயாளிகள் மூச்சுவிட அணியும் முகமூடி. வளைந்த கன்னப் பரப்பில் ரப்பர் விளிம்பு பதிய ஒரு பள்ளம். பள்ளத்தின் ஓரக் கோடு ஃபைலில் இரண்டு விதமாகப் பதிவாகியிருந்தது. அது வழக்கம்தான். கோடு வெட்டவெளியில் எப்படி ஓடுகிறது என்பது ஒன்று. பரப்பைக் காகிதம்போல விரித்துப் போட்டால் அதன்மேல் எப்படி ஓடும் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே இடத்தில் விழவேண்டும். இதில் விழவில்லை. கன்னத்தருகே மயிரிழை விலகி நின்றன. வாடிக்கையாளரின் மென்பொருள் அந்த விலகலைக் கண்டும் காணாததுபோல் மூடிக் காட்டியது. பட்டறையின் மென்பொருளோ வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

அவள் எழுதிக் கேட்டாள். எங்கள் திரையில் சரியாக இருக்கிறது என்று அதே ஃபைலையே திரும்ப அனுப்பினார்கள். வரைந்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார். கெஞ்சிக் கூத்தாடி அவர் நம்பரை வாங்கிப் பேசினாள்.

“அந்த முகமூடியாம்மா? அதை நான் வரையலையே. எனக்கு முன்னாடி இருந்தவர் வேற மென்பொருள்ல வரைஞ்சது. நான் எடுத்து உள்ள போட்டேன், அவ்வளவுதான்.”

“அவரை எங்க சார் பாக்கலாம்?”

“அவர் போய்ச் சேந்துட்டார்மா.”

முதலாளிக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஏதாவது ஒன்றை எடு என்றார். அவள் முதல் கோட்டை எடுத்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. தம்பி அதை அப்படியே இரும்பில் வெட்டினான். அந்த மோல்டில் வார்த்த மாதிரி முகமூடி வாடிக்கையாளரின் சோதனையில் கன்னத்தருகே காற்றைக் கசியவிட்டது. மெஷின்காரன் கவனக்குறைவு என்று முதலாளி அவர்களுக்குச் சொல்லிவிட்டார்.

அவள் நேரே அவர் அறைக்குப் போனாள். “ஃபைல்ல இருந்ததைத்தான் சார் அவன் வெட்டினான். கோட்டை எடுத்தது நான்.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். “தெரியும்மா. ஃபைல் தப்புன்னா அவங்க தப்புன்னு ஆயிடும். ஒத்துப்பாங்களா? உன்னை அனுப்பிட்டா அடுத்த ஃபைலை யார் திறக்கிறது?”

தம்பியை நிறுத்திவிட்டார்கள். தானும் விட்டுவிடப்போவதாக அவள் சொன்னதற்கு அவன் சிரித்தான். “ரெண்டு பேரும் வீட்ல உக்காந்தா அம்மாவுக்கு யாருக்கா பதில் சொல்றது?”

அவள் விடவில்லை. கொஞ்ச நாளில் வாடிக்கையாளரிடமிருந்து ஒரு புது ஃபைல் வந்தது, விளக்கம் ஒரு வார்த்தைகூட இல்லாமல். திறந்து பார்த்தாள். புதுக் கோடு பழைய இரண்டில் எதன்மேலும் ஓடவில்லை. நடுவே தன்பாட்டுக்குப் போயிற்று. எதை எடுத்திருந்தாலும் கசிந்துதான் இருக்கும்.

தம்பி இப்போது அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் கடையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது அந்தப் புதுக் கோட்டைப் பற்றிச் சொல்லிவிடத்தான் நினைத்தாள். அவன் அந்தக் கடையின் ரம்பம் போடும் சத்தத்தில் காது அடைத்துப்போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். குழம்பு போதுமா என்று மட்டும் கேட்டாள்.