எதிர்மலை தெரியும்வரை

ஏரியூரில் ஒரு செல்போன் டவருக்குக் காவல் இருந்தவர் அவர். காக்கி பேன்ட்டை முட்டிவரை மடித்திருப்பார், கண்ணாடியை நூலால் கட்டியிருப்பார். பேசும்போதுகூட நம்மைப் பார்க்காமல் எதிர்மலையையே பார்ப்பார்.

அன்று தர்மபுரி ஆஸ்பத்திரியில் என் மகளைப் பிரசவ ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. போனில் சிக்னல் முழுதாகக் காட்டியது, ஆனால் கால் போகவில்லை. பதறி டவருக்கே ஓடினேன்.

“டவர் நல்லாத்தாங்க இருக்குது. இந்த டிஷ்ஷுக்கு அந்த மலைமேல இருக்கற டிஷ்ஷுலருந்துதான் லைன் வரணும். நடுவுல மழை கொட்டுதுங்க, அதான் நிக்க மாட்டேங்குது. மலை தெரியட்டும், கெடைக்கும்.”

மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளைதான் இருந்தது. இருவரும் அதையே பார்த்து நின்றோம். அரை மணி கழித்து ஒரு பாறை தெரிந்தது, பிறகு முழு மலையும்.

“இப்பப் போடுங்க.”

நான் மருமகன் எண்ணை எடுத்துவைத்துக்கொண்டு மறுபடி மலையையே பார்த்தேன். அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

“இதுவரைக்கும் மழையத் திட்டிக்கிட்டு நின்னோம். இனி போட்டுத்தாங்க ஆவணும்.”

சொல்லிவிட்டு, என் பேச்சு காதில் விழாத தூரத்துக்கு வேலியோரம் போய், முதுகு காட்டி நின்றுகொண்டார்.

தாயும் குழந்தையும் நலம் என்று மருமகன் சொன்னதும் அவரைக் கத்திக் கூப்பிட்டேன். உடனே திரும்பவில்லை. என் சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகே திரும்பினார். எனக்கு முன் அங்கே நின்று போன் போட்டவர்களில் எத்தனை பேர் அழுதார்களோ, கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.