ரூட் அக்கா

சனிக்கிழமை சாயங்காலம் திண்டிவனம் சாலையின் வளைவு ஒன்றில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, வைஜெயந்தி ஒற்றைச் செருப்பைக் கழற்றி வெறும் பாதத்தைத் தாரின்மேல் வைத்து முன்னும் பின்னுமாகத் தேய்க்கிறாள். ஈரம் இல்லை, மணல்தான் நெருடுகிறது. ஸ்கூட்டரில் செருகியிருக்கும் துடைப்பத்தை உருவி, வளைவின் உள்பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் மணலைக் கூட்டி ஓரமாகத் தள்ளுகிறாள். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்க்கிறார்கள். வாசலைக் கூட்டுகிற பெண்களைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே மெயின் ரோட்டைக் கூட்டுகிறவளைப் பார்த்தால் வேறென்ன செய்வார்கள்?

விடிந்தால் இந்த வளைவில் சைக்கிள்கள் வரும். பொம்மையார்பாளையத்தில் இருட்டோடு கிளம்பும் குழு கடலோரமாகவே மரக்காணம் வந்து, டீ குடித்து, மேற்கே திரும்பிச் செஞ்சி மலையடிவாரம் வரை போய் அதே வழியில் திரும்பும். அவ்வளவு தூரம் முடியாத வாரங்களில் இரும்பைப் பக்கம் செம்மண் மேடு ஏறி இறங்கி வீட்டுக்குப் போய்விடுவார்கள். எந்த வாரம் எந்தப் பாதை, எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தப் பாலத்தின் இடுக்கில் டயர் மாட்டும் என்பதையெல்லாம் முடிவு செய்கிறவள் வைஜெயந்தி. குழுவில் அவளை ரூட் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரூட் அக்காவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

எல்லாம் மகள் ரேகாவால் வந்தது. புதுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்த கையோடு அவள் ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கி வந்தாள். அதன் டயர் விரல் தடிமன்தான் இருந்தது. பார்த்த அன்றே வைஜெயந்தி அதை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். முதல் ஞாயிறு ஸ்கூட்டரில் மகளின் பின்னாலேயே போனாள். "பின்னாடியே வராதம்மா, மானம் போவுது" என்று ரேகா சொல்லிவிட்டாள். பின்னால்தானே வரக் கூடாது? முந்தின நாளே போய்ப் பார்த்துவிட்டு வருவதை யார் தடுப்பது? அப்படித்தான் ஆரம்பித்தது. இவள் சொன்ன குழிகள் சொன்ன இடத்தில் இருந்ததைக் கண்டு, குழுத் தலைவன் அரவிந்தன் பாதை போடும் பொறுப்பையே இவள் தலையில் கட்டிவிட்டான்.

"எதுக்கும் ஒரு வாட்டி பாத்துட்டு வந்துட்றேன்" என்பது அவள் வாயில் எந்நேரமும் இருக்கும் வார்த்தை. கேஸை மூடினோமா என்பதற்கும் அதுதான், செஞ்சி ரோட்டில் புதிதாக வேகத்தடை போட்டிருக்கிறார்களாமே என்பதற்கும் அதுதான். சாலையில் கேழ்வரகுக் கதிரைப் பரப்பி வைத்திருப்பவர்களிடம் கெஞ்சி ஒரு சைக்கிள் போக வழி கேட்டு வாங்குவாள். துரத்துகிற நாய்களுக்குச் சனிக்கிழமைகளில் பொறை போட்டுப் பழக்கினாள். விளைவு, முன்பு கோபத்தில் துரத்திய நாய்கள் இப்போது பாசத்தில் துரத்துகின்றன. அரவிந்தன் அதைச் சொல்லிச் சிரித்தபோது அவளும் சிரித்தாள். ஆனால் அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

ஒரு சட்டமும் போட்டிருக்கிறாள். சைக்கிள் மேல் இருக்கும்போது யாரும் போனைத் தொடக் கூடாது, எடுத்துப் பைக்குள் போட்டுவிட வேண்டும். "யார் கூப்ட்டாலும் எடுக்காதீங்க, நானே கூப்ட்டாலும் எடுக்காதீங்க" என்று மாதம் ஒருமுறையாவது நினைவுபடுத்துவாள்.

இது ஞாயிற்றுக்கிழமைக் கவலை. மற்ற நாட்களில் அவளுக்கு இருப்பது மழைக் கவலை. அப்பா விட்டுப்போன உப்பளம் மரக்காணத்தில் இருக்கிறது. கலியன் என்ற பழைய மேஸ்திரி பாத்திகளைப் பார்த்துக்கொள்கிறார், வியாபாரத்தை இவள் பார்க்கிறாள். வாரி எடுத்த உப்பைக் கரையில் குவித்து, ஈரம் வடிந்த பிறகுதான் லாரியில் ஏற்ற வேண்டும். வடியாமல் ஏற்றினால் போகிற வழியெல்லாம் சொட்டிக்கொண்டே போகும். அந்தத் தண்ணீர் சாமானியத்தில் காயாது. விளக்கெண்ணெய் மாதிரி தாரில் படிந்து வழுக்கும். அதனாலேயே சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு தன் அளத்திலிருந்து ஒரு லாரியும் கிளம்பக் கூடாது என்று வைத்திருந்தாள். மகளுக்காக வியாபாரத்தை நிறுத்துகிற முதலாளியை இப்போதுதான் பார்ப்பதாகக் கலியன் முனகுவார்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வளைவுகளையெல்லாம் பார்த்து முடித்து வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால், வங்கக் கடலில் தாழ்வு நிலை, கடலோரத்தில் கனமழை என்கிறார்கள். கரையில் அன்று வாரிய உப்பு அம்பாரம் அம்பாரமாகக் கிடந்தது. அடைமழை பிடித்தால் கோடை முழுக்கப் பட்ட பாடு ஒரே நாளில் கரைந்து கடலுக்குப் போய்விடும். பதறிப்போய்க் கலியனைக் கூப்பிட்டு, கிடைக்கிற லாரியில் ஏற்றி அனுப்புங்கள் என்று சொன்னாள். சொல்லும்போது அவள் கண்முன் நின்றது மழை மட்டும்தான். மறுநாள் ஞாயிறு என்பது நினைவில் இருந்தது. அந்த லாரிகள் எந்த வழியாகப் போகும் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. உப்புக்காரர்களுக்கு மேகத்தைக் கண்டால் அப்படித்தான், மற்றதெல்லாம் மறந்துபோகும்.

மறுநாள் காலையில் மரக்காணம் டீக்கடையில் எல்லோருக்கும் வாழைப்பழம் கொடுத்து அனுப்பினாள். வழக்கம்போல ரேகா முதலில் பறந்தாள், மற்றவர்கள் அவள் பின்னால். வானம் மூடிக் கிடந்தாலும் மழை இல்லை. பரவாயில்லை, நனையாமல் மலையடிவாரம் சேர்ந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது கலியன் போன் செய்தார்.

"ரெண்டு லோடு ஏத்தி அனுப்சிட்டேம்மா. கொஞ்சம் சொட்டிக்கினுதான் போச்சு. திண்டிவனம் ரோட்டாண்ட மேல ஏத்தி உட்டேன். இன்னொரு வண்டி நிக்குது."

மேற்கொண்டு அவர் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை. உப்பளத்து மண்பாதை திண்டிவனம் சாலையில் ஏறும் இடம் ஒரு மதகு. மதகு தாண்டிய சரிவில்தான் வளைவு. அந்தச் சரிவில் ரேகா பிரேக்கைத் தொட மாட்டாள். முந்தின நாள் சாயங்காலம் ரோடு சுத்தம் என்று அவளிடம் சொன்னதே வைஜெயந்திதான்.

ரேகாவைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அரவிந்தனும் எடுக்கவில்லை. அவள் போட்ட சட்டத்தை ஒருத்தர் பாக்கியில்லாமல் மதித்தார்கள். டீக்கடைக்காரர் சில்லறையை நீட்டிக்கொண்டிருக்க, ஸ்கூட்டரைக் கிளப்பி உப்பளத்துக் கரைக்குள் விட்டாள். சாலை வளைந்து போகிற தூரத்தைக் கரைவழி நேராக வெட்டும். இரண்டு பக்கமும் பாத்திகள், நடுவில் ஒற்றை ஆள் நடக்கிற அகலம். வாய் பாட்டுக்கு ஏதோ வேண்டுதலை முனகியது, யாரிடம் வேண்டுகிறோம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மதகில் ஏறியதும் பார்த்தாள். சாலை கறுத்துப் பளபளவென்று கிடந்தது. மண்ணை வாரிக் கொட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். மண்ணும் வழுக்கும், இத்தனை நாள் அதைத்தானே கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். வேறு வழி தெரியாமல் நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்தாள். அதற்குள் தூரத்தில் ரேகாவின் சிவப்பு ஹெல்மெட் தெரிந்துவிட்டது.

அம்மாவைக் கண்ட ரேகா பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள். பின்சக்கரம் ஈரத்தில் ஏறிப் பக்கவாட்டில் ஓடியது. சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முழங்கையில் தோல் உரிந்து, அதில் உப்புத்தண்ணீர் பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீ நடுவுல நிக்கலேன்னா நான் பாட்டுக்குப் போயிருப்பேன்மா" என்றாள். குரலில் அழுகை இருந்தது.

இருக்கலாம். போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். வைஜெயந்தி பாட்டில் தண்ணீரை மகளின் முழங்கையில் ஊற்றிக் கழுவினாள்.

"நம்ம உப்புதான்டி. நான்தான் ஏத்தச் சொன்னேன்."

ரேகா சாலையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். எழுந்து, வந்த வழியே நொண்டிக்கொண்டு போய், பின்னால் வருகிறவர்களுக்குக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

அந்த நேரம் பார்த்துக் கலியன் மறுபடியும் கூப்பிட்டார். வண்டியில் பாதி ஏறிவிட்டது, மேகம் இறங்கி வருகிறது, அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"வேணாம் கலியண்ணா. சொட்ற வண்டி ஒண்ணும் ரோட்ல ஏறக் கூடாது. பசங்க திரும்பி வர்றதும் இதே வழிதான்."

தார்ப்பாய் பாதிக்குத்தான் வரும், மற்றதெல்லாம் கரைந்துவிடும் என்றார் அவர்.

"போவட்டும்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

சைக்கிள்காரர்களின் ஷூவுக்கு அடியில் பெடலில் மாட்டுகிற கொக்கி இருக்கும், ஈரத்தில் அது நிற்காது. எல்லோரும் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தோளில் தூக்கி, வெறுங்காலில் ஒருவர் பின் ஒருவராக வளைவைக் கடந்தார்கள். யாரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே அவளுக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது. கடைசியாக அரவிந்தன் கடக்கும்போது அவன் ஹெல்மெட்டில் டப்பென்று முதல் துளி விழுந்தது. பிறகு சடசடவென்று பிடித்துக்கொண்டது. எல்லோரும் மதகோரப் புளியமரத்தடிக்கு ஓடினார்கள். அம்மாவையும் வரச் சொல்லி ரேகா சத்தம் போட்டாள்.

கலியனின் பெயரைக் காட்டிப் போன் அடித்தது. வைஜெயந்தி அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். சாலையில் படிந்த உப்புத்தண்ணீரின் கறுப்பு மெல்லக் கரைந்து ஓரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அங்கேயே நின்று, மழைக்கு இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தினாள்.