அந்தமானுக்கு எந்த மாதம் போகலாம்?

சில வருடங்களுக்கு முன், வைகாசி கடைசியில் ஒரு நாள், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டிக்கெட் புக்கிங் கடையில் நானும் என் மனைவியும் போய் நின்றோம். ஆனி மாதம் அந்தமான் போக இரண்டு கப்பல் டிக்கெட் வேண்டும் என்றேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி எங்களை மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணாச்சி, இப்ப ஆஃப் சீசன். அங்கன மழை ஊத்தும். கப்பல் ஆடும், தீவுக்குத் தீவு போட் ஓடாது. ஜனவரி, பிப்ரவரியில போங்க. போயும் போயும் காசைக் குடுத்து நனையப் போறீங்களே."

"நனையத்தான் தம்பி போறோம். டிக்கெட்டைப் போடு" என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. என் மனைவிக்கு நன்றாகவே விளங்கியது. கடையை விட்டு இறங்கியதும் சொன்னாள்: "பொண்ணு பாக்க வாரவனுக்குப் பூ வச்சுப் பவுடர் பூசிக் காட்டுத மாதிரி, எனக்கு அந்த ஊரைக் காட்டப் போறீங்க. தெரியாமலா இருக்கேன்."

அவள் சொன்னது உண்மைதான். எங்கள் ஊர் புதூர் பக்கம். மழையை நம்பிய கரிசல் காடு. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்போம். தை, மாசியில் கிடைத்ததை எடுப்போம். அதற்கப்புறம் ஆவணி வரைக்கும் காடு வெடித்துக் கிடக்கும். ஊர்க்காரர்களும் சும்மா கிடப்பார்கள். எனக்கு அது முடியாது. எட்டாவது படிக்கும்போது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன், திருப்பூர் சாயப்பட்டறை, கேரளாவில் கல்குவாரி, பம்பாயில் இட்லிக்கடை என்று சுற்றினேன். கடைசியில் அந்தமானில் கம்பி கட்டும் வேலை பிடித்துப்போனது. வைகாசியில் கப்பல் ஏறுவேன், விதைப்புக்குத் திரும்பிவிடுவேன். நான் போன ஒவ்வொரு தடவையும் அங்கே மழைதான். சுவரில் பாசி, கூரையில் பாசி, நனைந்த சட்டை காயவே காயாது. தண்ணீர்க் கஷ்டம் என்றால் என்னவென்றே தெரியாத ஊர் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

இங்கே எங்கள் ஊரிலோ தொடர்ந்து மழை ஏமாற்றியது. அக்கம்பக்கத்துக் காடுகளையெல்லாம் சோலார் கம்பெனிக்கு வளைத்துக்கொண்டிருந்த ஒரு புரோக்கர் எங்கள் மூன்று ஏக்கரையும் கேட்டு வந்தார். கொடுத்துவிட்டு அந்தமானில் போய் இருந்துவிடலாம் என்றேன். கட்டி முடியப்போகிற ஒரு லாட்ஜுக்குக் காவலாளாக என்னைச் சேர்த்துவிடுவதாக அங்கே என் மேஸ்திரி சொல்லியிருந்தார். ஆனால் நிலம் என் மனைவி பெயரில் இருந்தது, அவள் அப்பா எழுதிக் கொடுத்தது. அவள் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு.

"முதல்ல அந்த ஊரை நான் கண்ணால பாக்குதேன். பெறவு கையெழுத்தைப் பத்திப் பேசலாம்" என்று சொல்லிவிட்டாள்.

எந்த மாதத்தில் காட்டுவது என்பது என் கையில் இருந்தது. ஜனவரியில் எங்கள் காட்டில் பயறு பறிக்கிற வேலை, அது போகட்டும். ஜனவரியில் கூட்டிப்போனால் வெயிலும் மணலும்தான் இருக்கும். அது எங்கள் ஊரிலேயே கொட்டிக் கிடக்கிறதே. ஆனியில் போனால் மழை பெய்யும். எங்கள் ஊர்க்காரியின் மனதைக் கரைக்க அதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

கப்பலில் அவள் பட்ட பாட்டை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாளும் படுத்தே கிடந்தாள். போர்ட் பிளேரில் இறங்கியபோது நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மழை சரம்சரமாக விழுந்துகொண்டிருந்தது. குடையை விரித்தேன், வேண்டாம் என்று தள்ளிவிட்டு நனைந்துகொண்டே நடந்தாள். பலித்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் சிரித்தேன்.

மேஸ்திரி வீட்டில் தங்கினோம். அவரும் எங்கள் பக்கம்தான், எப்போதும்வென்றான் என்கிற ஊர்க்காரர். வெகுகாலத்துக்கு முன்பே குடும்பத்தோடு அங்கே போனவர். மேட்டில் வரிசையாகக் கட்டிய தகரக்கூரை வீடுகளில் அவருடையதும் ஒன்று. முதல் இரண்டு நாளும் என் மனைவி மழையோடேயே சுற்றினாள். கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "மேலயும் தண்ணி, கீழயும் தண்ணி" என்று தனக்குத்தானே சிரித்தாள்.

மூன்றாம் நாள் பக்கத்துத் தீவுக்குப் போக ஜெட்டிக்குப் போனோம். கடல் சரியில்லை, போட் கிடையாது என்றார்கள். எங்களோடு நின்ற, புதிதாகக் கல்யாணமானவர் போலிருந்த சென்னைக்காரர், "பாழாப்போன மழை, ட்ரிப்பையே கெடுத்துடுச்சு" என்றார். எங்கள் பக்கம் யாரும் மழையை வைய மாட்டார்கள். கூரை ஒழுகினால் கூரையை வைவோம், சகதியில் வழுக்கி விழுந்தால் செருப்பை வைவோம். என் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் தம்பி மழையை வையுதீங்க? உங்களுக்கு வேண்டாம்னா எங்கூருப் பக்கம் பத்தி விடுங்க. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

அவரோடு நின்ற புதுப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவருக்கு முகம் சுருங்கிப்போனது. எனக்கு மட்டும் கையெழுத்தே விழுந்துவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் நானும் மேஸ்திரியும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். துவைக்கப் போன என் மனைவி, வீட்டின் பின்பக்கம் இருந்து என்னைக் கூப்பிட்டாள். போனேன். சுவரோரம் தார்ப்பாயை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடியில் வரிசையாக நீல நிற ட்ரம்கள். பக்கத்து வீட்டுக்குப் பின்னாலும் அதே மாதிரி வரிசை. ஒவ்வொரு மூடியிலும் கம்பி வளையம், ஒவ்வொரு வளையத்திலும் ஒரு பூட்டு.

"இம்புட்டு மழை பெய்யுத ஊர்ல எதுக்கு இத்தனை ட்ரம்மு? ட்ரம்முக்கு எதுக்குப் பூட்டு?" என்று கேட்டாள். என்னிடம்தான் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருடம் அந்த வீட்டுக்கு வந்து போயிருக்கிறேன். பின்பக்கம் போய்ப் பார்த்ததில்லை.

வாளியோடு வந்த மேஸ்திரியின் மனைவி, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போலச் சொன்னார். "இப்ப வந்துட்டுக் கேக்குதியே தாயி. மாசி, பங்குனியில வந்து பாரு. குழாய்ல காத்துதான் வரும். லாரி என்னைக்கு வரும்னு தெரியாது. ரோட்டுல ட்ரம்மை வரிசை போட்டு உக்காந்துகிடணும். பூட்டாம விட்டா அடுத்த வீட்டுக்காரி மோந்துட்டுப் போயிருவா. நானும் மோந்திருக்கேன்."

"பெய்யுத மழையெல்லாம் எங்க போவுது?"

"எங்க போவும்? மேட்டுல விழுந்து கடலுக்கு ஓடிப் போவுது."

என் பின்னாலேயே வந்து நின்ற மேஸ்திரியைப் பார்த்தேன். "ஏன் அண்ணாச்சி எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேட்டியாலே? ஒரு மாசியாவது இங்கன இருந்திருக்கியா? வெள்ளாமை வெள்ளாமைன்னு ஓடிப்போயிருவ" என்றார் அவர். அவர் சொன்னதிலும் தப்பில்லை. என் காட்டில் வேலை இல்லாத மாதங்களில் மட்டுமே நான் அந்த ஊரைப் பார்த்திருக்கிறேன். என் காடு காய்ந்து கிடக்கும்போது அந்த ஊர் நனைந்துகொண்டிருந்தது. அது காய்கிற காலத்தில் நான் இங்கே பயறு பறித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் எங்களுக்குள் பெரிய சண்டை. கஷ்டம் இரண்டு மாதம்தானே என்று நான் கத்தினேன். அவள் கத்தவில்லை.

"தண்ணிக்கு அலையணும்னா எங்கூர்லயே அலைஞ்சுக்கிடுதேன். அங்கன எந்தக் குழாய்ல எவ சண்டைக்கு வருவா, எவ ஒரு குடம் விட்டுக்குடுப்பான்னு எனக்குத் தெரியும். இங்கன வந்து புதுசா ஒருத்திகிட்ட ஏச்சு வாங்கணுமா? என் காட்டைக் குடுத்துட்டு ஒரு பூட்டு வாங்கச் சொல்லுதீங்க. முடியாது."

"அப்ப நீ போ. நான் இருக்கேன். நீ சொல்லுத மாசி எப்படி இருக்குன்னு பாத்துட்டே வாரேன்" என்றேன். வீம்புதான். எத்தனையோ ஊர் பார்த்தவனுக்கு, புதூரைத் தாண்டாதவள் ஒரே வாரத்தில் ஓர் ஊரை எடைபோட்டது பொறுக்கவில்லை.

"இருங்க. கப்பல்ல எனக்கு ஒரு ஆளுக்கு டிக்கெட் போதும்" என்றாள்.

தனியாகத்தான் போனாள். மறுபடியும் மூன்று நாள் கடல், சென்னையில் இறங்கி ரயில், கோவில்பட்டியில் இறங்கி பஸ். அதுவரை கல்யாண வீடு, இழவு வீடு என்றால்கூட யாரோடாவது சேர்ந்து போகிறவள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணி, "வந்துட்டேன்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தேன். மேஸ்திரி வீட்டு வரிசையிலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டேன். புரட்டாசி வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் விதைப்புக்கு ஊரில் இல்லாதது அதுவே முதல் தடவை. ஒரு நாள் போன் வந்தது.

"புழுதியிலேயே விதைச்சாச்சு. எல்லாரும் மழை வரட்டும்னு நிக்காவ. நான் நிக்கல. வந்தா முளைக்கும், வராட்டி எறும்பு திங்கும். உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு சொன்னேன்."

ஆனாலும் போகவில்லை. மாசியைப் பார்க்காமல் போவதில்லை என்று இருந்துவிட்டேன்.

மாசி வந்தது. அப்போதுதான் லாட்ஜ் நிரம்பி வழிந்தது. அப்படியொரு கடலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண்ணாடி மாதிரி அடித்தரை தெரியும். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. போட்டெல்லாம் நேரத்துக்கு ஓடும். லாட்ஜுக்கு விலை கொடுத்து வாங்கிய லாரித் தண்ணீர் வரும். நான்தான் குழாயைப் பிடித்துத் தொட்டியில் விடுவேன். தங்க வந்தவர் ஒருவர், "சரியான சீசன்ல வந்திருக்கோம், ஒரு சொட்டு மழை இல்லை பாருங்க" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். ஆமாம் சார் என்றேன். அவர் சொன்னதில் பொய் இல்லை.

வேலை முடிந்து மேட்டுக்குப் போனால் ரோட்டோரம் ட்ரம் வரிசை இருக்கும். நானும் ஒரு ட்ரம் வாங்கி, வரிசையில் உருட்டிப்போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். லாரி வந்தால் ஓட வேண்டும். இடித்துத் தள்ளுகிறவர்கள் வங்காளத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் வைவார்கள். ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் என் ட்ரம்மில் பாதித் தண்ணீரைக் காணோம். யாரையும் கேட்கவில்லை. கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கினேன். அதைக் கையில் வாங்கியபோது, இங்கே இருந்துவிடலாம் என்ற எண்ணம் என்னை விட்டுப் போய்விட்டது. கஷ்டத்துக்குப் பயந்து இல்லை; கல்குவாரியில் இதைவிட மோசமாக இருந்திருக்கிறேன். ஆனால் இதே பாட்டை என் காட்டில் நின்று படலாமே என்று தோன்றியது.

பங்குனி பாதியில் ஊர் திரும்பினேன். புதூர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தார் ரோடு செருப்பை இழுத்தது. என் மனைவி வாசலில் அடுப்பெரிக்கக் காய்ந்த பருத்தி மார் ஒடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி, "எப்படி இருந்துச்சு சீசன்?" என்றாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு, பாக்க வந்தவங்களுக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வருடம் மழை தாமதித்துத்தான் வந்திருந்தது. உளுந்து போய்விட்டது, பாசிப்பயறும் பருத்தியும் கொஞ்சம் தேறின. பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

நான் வந்த மறுவாரமே புரோக்கர் திரும்ப வந்தார். வெடித்துக் கிடந்த காட்டைக் கைநீட்டிக் காட்டி, "இதை வச்சு என்னம்மா செய்யப் போறீங்க, பாக்கவே சகிக்கல" என்றார்.

"பங்குனியில வந்து கேக்காதீங்க அண்ணாச்சி. பங்குனியில எங்கூரு மலிவாத்தான் தெரியும். கார்த்திகையில பயிரு நிக்கும்போது வந்து, இதே வாயால சகிக்கலன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள் என் மனைவி. அவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார். கார்த்திகையில் வரவில்லை. அடுத்த பங்குனியில் வந்தார். அப்போதும் அதே பதில்தான்.

இப்போதும் நான் சும்மா கிடப்பதில்லை. காடு ஓய்ந்த மாதங்களில் எங்கேயாவது கிளம்பிவிடுகிறேன். அந்தமானுக்கு எந்த மாதம் போகலாம் என்று சிலர் கேட்கிறார்கள். சுற்றிப் பார்க்கவென்றால் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள் என்கிறேன். அங்கேயே இருந்துவிட நினைத்தால் மாசி, பங்குனியில் போங்கள், லாட்ஜில் தங்காமல் மேட்டுத் தெருவில் தங்கிப் பாருங்கள் என்கிறேன். பங்குனி வெயிலில் காரை நிறுத்தி, இந்த ஊரில் எப்படி இருக்கிறீர்கள் என்று எங்களைப் பரிதாபமாகக் கேட்கிறவர்களுக்கு மட்டும் நான் விளக்கம் சொல்வதில்லை. தெரியாத பன்னிரண்டு மாதத்தை ஒரே மாதத்தில் அளந்துவிட்டுப் போகிறவர்களுக்காக நாங்கள் எங்கள் காட்டை விட்டு நகர வேண்டியதில்லை என்பதை, தனியாகக் கப்பலேறி வந்து புழுதியில் விதைத்தவள் எனக்குக் காட்டிவிட்டாள்.